முதியோரைக் கணக்கில் வைத்திருக்கும் ஊர்கள்

வயது முதிர்ந்து உடல் தளர்ந்த ஒருவருக்குத் தேவைப்படும் உதவிகளில் எதுவும் தன்னளவில் அரியது என்று சொல்ல முடியாது. குளிப்பாட்டிவிட ஒருவர், புண்ணுக்கு மருந்து கட்ட ஒரு செவிலியர், வாரத்தில் இரண்டு நாள் வெளியே அழைத்துச் சென்றுவர ஒரு வண்டி, கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி, மாத்திரையை வேளைக்கு எடுத்துக்கொண்டாரா என்று கேட்க ஒரு குரல் ஆகியவை எந்த நகரத்திலும் எங்கேனும் கிடைக்கக்கூடியவையே. ஆனால் செவிலியர் மருத்துவத் துறையையும், வண்டி போக்குவரத்துத் துறையையும், கைப்பிடி வீட்டுவசதித் துறையையும், வீட்டு உதவியாளர் சமூகநலத் துறையையும் சார்ந்திருப்பதால், அவை அனைத்தையும் ஒரே மனிதரின் ஒரே வாரத்துக்குள் ஒன்றோடொன்று முட்டாமல் பொருத்திவைப்பது பெரும்பாடாகிவிடுகிறது. அந்தப் பாட்டைக் காலங்காலமாகப் பட்டுவருபவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள மனைவியோ மகளோ மருமகளோதான். இந்தப் பொறுப்பின் பெரும்பகுதியை வீட்டிலிருந்து எடுத்து, ஊரை நிருவகிக்கும் உள்ளாட்சி அமைப்பின் கையில் சட்டப்படி ஒப்படைத்த நாடுகளில் ஜப்பான் முக்கியமானது. 1997-இல் இயற்றப்பட்டு 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம், நகரம், பேரூர், கிராமம் என்ற மூன்று நிலைகளிலும் உள்ள உள்ளாட்சிகளையே காப்பீட்டாளர்களாக ஆக்கியது. அதாவது, முதியோருக்கான காப்பீட்டை அங்கே நடத்துவது தனியார் நிறுவனமோ தலைநகரிலுள்ள ஓர் அமைச்சகமோ இல்லை. குடிநீர் வரியும் பிறப்புப் பதிவும் பார்க்கிற அதே உள்ளூர் அலுவலகம்தான்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உருவானதன்று. முதியோர் நலனுக்கென ஜப்பானில் முதல் தனிச்சட்டம் 1963-இல் வந்தது. அதற்கும் முன்பே, பனியும் வறுமையும் நோயும் சூழ்ந்த இவாத்தே மாகாணத்தின் சவாஉச்சி என்ற மலைக்கிராமம், தன் தலைவர் ஃபுகசவா மசாவோவின் முயற்சியால், 1960–61-இல் முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் மருத்துவத்தைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியிருந்தது. குளிர்காலத்தில் பாதைகளைப் பனி மூடிவிடுவதால் நோயாளிகள் மருத்துவமனைக்கு வர முடியாதிருந்ததைக் கண்டு, அந்தக் கிராம நிருவாகம் பனி அள்ளும் புல்டோசர் வாங்கியது. மருத்துவத் திட்டத்தின் முதற்படி சாலையைத் திறந்துவைப்பது என்பதை அது அன்றே உணர்ந்திருந்தது. பின்னர் பல உள்ளாட்சிகள் அதே வழியில் செல்ல, 1973-இல் நடுவணரசும் 70 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவச் செலவில் அவர்கள் செலுத்தவேண்டிய பங்கை ஏற்றுக்கொண்டது.

நல்ல நோக்கத்தில் எடுக்கப்பட்ட அந்த முடிவு எதிர்பாராத ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. மருத்துவம் இலவசம், ஆனால் வீட்டில் பராமரிக்க ஆளில்லை, முதியோர் இல்லத்தில் இடமில்லை என்ற நிலையில், சிகிச்சை தேவைப்படாத முதியவர்களும் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், மருத்துவமனைக் கட்டிலிலேயே தங்கலாயினர். இதற்கு ஜப்பானியர் ‘சமூகக் காரணத்தால் மருத்துவமனையில் சேர்தல்’ என்ற பொருள்படும் ஒரு சொல்லையே வழக்கில் வைத்திருக்கின்றனர். நலத்துறை தரும் உதவியை நாடுவதும் எளிதாக இருக்கவில்லை. யாருக்கு எந்த உதவி என்பதை அலுவலகமே முடிவுசெய்து ஆணையிடும் முறை அன்று இருந்தது. குடும்பத்தின் வருமானம் விசாரிக்கப்பட்டது. இயலாதவர்களுக்கு இரங்கித் தருவது என்ற எண்ணம் அதில் ஒட்டியிருந்ததால், ஊரார் பார்வைக்கு அஞ்சிப் பலர் விண்ணப்பிக்கவே தயங்கினர்.

அக்காலத்தில் ஹிரோஷிமா மாகாணத்தின் மித்சுகி என்ற சிற்றூரில் நடந்தது பின்னர் நாடு முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று. அவ்வூர்ப் பொது மருத்துவமனையின் தலைமை மருத்துவர் யமகுச்சி நொபொரு, தம்மிடம் அறுவைச் சிகிச்சை பெற்று நலமாக வீடு திரும்பியவர்கள் ஓரிரு ஆண்டுகளில் படுக்கைப் புண்ணோடும் மூத்திரத் துணியோடும் மீண்டும் தூக்கிவரப்படுவதைக் கண்டு காரணம் தேடினார். வீட்டிலுள்ள பெண்கள் பகலில் வேலைக்குச் சென்றுவிடுவதும், நோயாளியை எழுப்பி உட்காரவைக்க யாரும் கற்றிருக்கவில்லை என்பதும், படிகளும் குறுகிய கழிவறையும் கொண்ட வீட்டமைப்பும், பயிற்சி நின்றுபோவதும் சேர்ந்தே அவர்களைப் படுக்கையில் தள்ளின என்று தெரிந்தது. ஆகவே 1970-களில் செவிலியரும் இயன்முறைப் பயிற்சியாளரும் வீடு தேடிச் செல்லலாயினர். அதன் பிறகும் ஒரு குறை எஞ்சியது: மருத்துவமனையின் செவிலியரும், ஊராட்சியின் பொதுச்சுகாதாரச் செவிலியரும், நலத்துறை வீட்டு உதவியாளரும் ஒருவர் செல்வது மற்றவருக்குத் தெரியாமல் ஒரே வீட்டுக் கதவைத் தட்டினர். 1984-இல் மித்சுகி ஊராட்சி தன் சுகாதாரப் பிரிவையும் நலப் பிரிவையும் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இடம்மாற்றி, ஒரே கூரையின் கீழ் அமர்த்தியது. யமகுச்சி இதற்கு இட்ட பெயரே, இன்று நாட்டின் சட்டத்திலும் கொள்கையிலும் வழங்கும் ‘ஊரளாவிய ஒருங்கிணைந்த பராமரிப்பு’ என்ற தொடராக நிலைத்துள்ளது. ஒருங்கிணைப்பு என்ற பெரிய சொல்லுக்குப் பின்னால், தொடக்கத்தில், மூன்று மேசைகளை ஓர் இடத்தில் போட்ட எளிய செயல் இருந்தது என்பது மறக்கத் தகாதது.

1989-இல் நடுவணரசு ‘தங்கத் திட்டம்’ என்ற பெயரில், பத்தாண்டுகளில் எத்தனை வீட்டு உதவியாளர்கள், எத்தனை பகல்நேர மையங்கள், எத்தனை படுக்கைகள் என்று இலக்கு வகுத்தது. அடுத்த ஆண்டில் எட்டு நலச் சட்டங்கள் திருத்தப்பட்டு, ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் வாழும் முதியோரின் தேவையைக் கணக்கிட்டுத் திட்டம் எழுதவேண்டும் என்ற கடமை விதிக்கப்பட்டது. அந்தத் திட்டங்கள் எழுதி முடிக்கப்பட்டு ஒன்றாகக் கூட்டிப் பார்க்கப்பட்டபோது, தலைநகரில் வகுத்த இலக்குகளைவிட ஊர்களிலிருந்து திரண்டு வந்த தேவை பெரிதாக இருந்தது. 1994-இல் இலக்குகளை உயர்த்திப் ‘புதிய தங்கத் திட்டம்’ அறிவிக்கவேண்டியதாயிற்று. மேலிருந்து கணிப்பதற்கும் கீழிருந்து எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. அதே 1994-இல்தான் ஜப்பானிய மக்களில் 65 வயதைக் கடந்தோர் 100-க்கு 14 பேர் என்ற அளவை எட்டினர். 1970-இல் 7 பேராக இருந்த அந்த எண்ணிக்கை 2023-இல் 29 பேராக உயர்ந்துவிட்டது.

இந்தப் பின்னணியில் வந்த காப்பீட்டுச் சட்டத்தின் நடுநாயகமாக விளங்குவது, ஒவ்வோர் உள்ளாட்சியும் மூன்றாண்டுக்கு ஒரு முறை எழுதும் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டம். இது ஆசைகளின் பட்டியலாக நின்றுவிடாமல் கணக்கேடாகவே இருக்கிறது என்பதில்தான் அதன் வலிமை உள்ளது. வரும் மூன்றாண்டுகளில் ஊரில் எத்தனை பேர் 65-ஐக் கடப்பார்கள், எத்தனை பேர் 75-ஐயும் 85-ஐயும் கடப்பார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு எந்த அளவு உதவி தேவைப்படும், அந்த உதவிக்கு எத்தனை வீட்டுப் பணியாளர்களும் எத்தனை பகல்நேர இடங்களும் எத்தனை படுக்கைகளும் வேண்டும், அவற்றுக்கு ஆகும் மொத்தச் செலவு என்ன என்பதெல்லாம் படிப்படியாகக் கணக்கிடப்படுகின்றன. அந்தச் செலவில் பாதி வரிப்பணத்திலிருந்து வருகிறது. அதில் பொதுவாக நடுவணரசு பாதியையும், மாகாணமும் உள்ளாட்சியும் மீதியைச் சரிசமமாகவும் ஏற்கின்றன. மற்றப் பாதி காப்பீட்டுச் சந்தா. 40 முதல் 64 வயது வரையுள்ளோரின் சந்தா நாடு முழுவதும் திரட்டிப் பகிரப்படுகிறது. 65-ஐக் கடந்தோரின் சந்தாவை மட்டும் அந்தந்த ஊரே நிர்ணயிக்கிறது. இப்போதைய கணக்குப்படி மொத்தச் செலவில் 23 விழுக்காடு அந்த முதியோரிடமிருந்தே வரவேண்டும்.

இதன் விளைவை ஆழ்ந்து நோக்கவேண்டும். ஓர் ஊர் கூடுதலாக முதியோர் இல்லம் வேண்டுமென்று திட்டத்தில் எழுதினால், அடுத்த மூன்றாண்டுக்கு அவ்வூர் முதியவர் ஒவ்வொருவரின் ஓய்வூதியத்திலிருந்தும் பிடிக்கப்படும் சந்தா உயரும். உதவியைக் குறைத்து எழுதினால் சந்தா குறையும், ஆனால் காத்திருப்போர் வரிசை நீளும். தவறாகக் கணக்கிட்டுப் பணம் போதாமற்போனால், மாகாணத்தின் நிதிநிலைப்புக் கணக்கிலிருந்து கடன் வாங்கலாம். அந்தக் கடனும் அடுத்த திட்டக் காலத்துச் சந்தாவோடு சேர்த்தே வசூலிக்கப்படும். ஆகையால் திட்டம் எழுதும் குழுவில் மருத்துவரும் சேவை நிறுவனத்தாரும் மட்டும் அமர்ந்தால் போதாது. சந்தா கட்டுவோரின் சார்பாளர்களும் அமர்கின்றனர், வரைவும் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்படுகிறது. 2000-இல் நாட்டுச் சராசரியாக மாதம் 2,911 யென்னாக இருந்த இச்சந்தா, 2024 முதல் 2026 வரையிலான திட்டக் காலத்தில் 6,225 யென்னாகியுள்ளது. ஊருக்கு ஊர் அது பெரிதும் வேறுபடுகிறது. தனியாக வாழும் வறிய முதியோர் மிகுந்த ஒசாகா நகரில் 9,249 யென். பசிபிக் கடலில் தொலைதூரத்தில் கிடக்கும் ஒகசவாரா தீவுக் கிராமத்தில் 3,374 யென். இவை அடிப்படைத் தொகைகள். வருமானத்துக்கேற்பக் கட்டவேண்டியது கூடவோ குறையவோ செய்யும்.

திட்டம் ஊருக்கானது, உதவியோ ஒருவருக்கானது. இவ்விரண்டையும் இணைப்பது ‘பராமரிப்புத் தேவைச் சான்று’ எனப்படும் மதிப்பீட்டு முறை. உதவி வேண்டுபவர் விண்ணப்பித்ததும், உள்ளாட்சியின் மதிப்பீட்டாளர் ஒருவர் அவருடைய வீட்டுக்கே வந்து 74 கேள்விகளைக் கொண்ட படிவத்தை நிரப்புகிறார். படுக்கையில் புரண்டு படுக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் சற்றுநேரம் நிற்க முடிகிறதா, விழுங்குவதில் சிரமமுண்டா, நகம் வெட்டிக்கொள்வது யார், காற்சட்டையைத் தாமே அணிகிறாரா, தம் பிறந்தநாளைச் சொல்கிறாரா, இது எந்தப் பருவம் என்று அறிகிறாரா, வெளியே போனால் திரும்பி வந்துவிடுகிறாரா, கடையில் பொருள் வாங்கிப் பணத்தைக் கணக்காகக் கொடுக்க முடிகிறதா என்று அந்தக் கேள்விகள் உடலிலிருந்து தொடங்கி நினைவுக்கும் அன்றாட வாழ்வுக்கும் நகர்கின்றன. விடைகளைக் கணினி நிமிடங்களாக மாற்றுகிறது. அந்த நிமிடங்கள் பராமரிப்புப் பணிக்கு ஆகும் நேரத்தின் ஓர் அளவுகோல். 25 நிமிடத்தில் முதல் நிலை தொடங்கி, 110 நிமிடத்தைத் தாண்டினால் உச்சநிலையாகிறது. ஆனால் கணினியின் சொல் முடிவானதன்று. மருத்துவரின் கருத்துரையையும், படிவத்தின் ஓரத்தில் மதிப்பீட்டாளர் தம் சொந்தச் சொற்களில் எழுதிய குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, மருத்துவ, சுகாதார, நலத் துறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஐவர் கொண்ட குழு கூடி முடிவெடுக்கிறது. ‘பகலில் தெளிவாகப் பேசுகிறார், மாலையானதும் இறந்துபோன கணவரைத் தேடிக் கதவருகே நிற்கிறார்’ என்பது போன்ற ஒரு வரி நிமிடக் கணக்கில் அடங்காது. அக்குழு இருப்பது அந்த வரிக்காகவே எனலாம். விண்ணப்பித்து 30 நாளுக்குள் முடிவு சொல்லப்படவேண்டும் என்பது சட்டத்தின் பொதுவிதி.

சான்று ஏழு நிலைகளில் தரப்படுகிறது: ‘உதவி தேவை’ என இரண்டு, ‘பராமரிப்பு தேவை’ என ஐந்து. 2000-இல் ஏறத்தாழ 22 இலட்சம் பேரிடம் இச்சான்று இருந்தது. இன்று அந்த எண்ணிக்கை 70 இலட்சத்தைத் தாண்டியுள்ளது. மதிப்பீட்டில் வருமானம் கேட்கப்படுவதில்லை. வீட்டில் மருமகள் இருக்கிறாரா என்பதும் நிலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. இரங்கித் தரும் உதவி என்ற பழைய நிலையிலிருந்து, சந்தா கட்டியவருக்குரிய உரிமை என்ற நிலைக்கு நகர்ந்ததன் பொருள் இதுவே. பயனாளி கட்டவேண்டியது பொதுவாகச் செலவில் பத்தில் ஒரு பங்கு. வருமானம் மிகுந்தோருக்குப் பத்தில் இரண்டு அல்லது மூன்று.

சான்று கையில் வந்தபின் எந்த உதவியை எப்போது பெறுவது என்று வகுத்துத் தருபவர் பராமரிப்புத் திட்ட மேலாளர். மக்கள் பேச்சில் ‘கெயாமனே’ என்று சுருங்கிவிட்ட இந்தப் பதவிதான் முழு ஏற்பாட்டின் அச்சாணி. இவருடைய ஊதியம் முழுவதையும் காப்பீடே தருகிறது. முதியவர் ஒரு யென்னும் தரவேண்டியதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் மாத உச்சவரம்பு ஒன்று உண்டு: பராமரிப்பு முதல் நிலைக்கு 16,765 அலகுகள், ஐந்தாம் நிலைக்கு 36,217 அலகுகள், ஓர் அலகின் மதிப்பு ஏறத்தாழ 10 யென். அந்த வரம்புக்குள் மேலாளர் போடும் வார அட்டவணை, பள்ளிக்கூடக் கால அட்டவணையைப் போன்ற ஒரு தாள். மேலே திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள். பக்கவாட்டில் விடியல், முற்பகல், பிற்பகல், இரவு என்று நேரம். திங்களும் வியாழனும் காலை ஒன்பதரைக்கு வண்டி வந்து பகல்நேர மையத்துக்கு அழைத்துச் செல்லும், அங்கே குளியலும் மதிய உணவும். செவ்வாய் பிற்பகல் செவிலியர். புதனும் சனியும் வீட்டு உதவியாளர் சமைத்து வைப்பார். வெள்ளி வெறுமையாக இருக்கிறதே, அன்று யார் எட்டிப் பார்ப்பது என்ற கேள்வி அந்தக் கட்டத்தைப் பார்த்தவுடன் எழுந்துவிடும். சேவை தரும் ஒவ்வொருவரையும் முதியவரையும் குடும்பத்தாரையும் ஒரே அறையில் அமர்த்திப் பேசி இந்தத் தாளை முடிவுசெய்வதும், மாதம் ஒரு முறையேனும் வீட்டுக்குச் சென்று அது நடைமுறையில் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் மேலாளரின் கடமைகள். ஒருங்கிணைப்பு ஒரு நல்லெண்ணமாக மிதந்துகொண்டிராமல், பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டு, அதற்கு ஊதியமும் தரப்படுகிறது என்பதே இந்த முறையின் தனிச்சிறப்பு; வேறெங்கும் முதியோர் திட்டம் வகுப்போர் இதிலிருந்து ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியுமானால், எடுத்துக்கொள்ளத்தக்கது இதுதான்.

ஆயினும் சான்று பெறாதவர்கள், எங்கே கேட்பது என்றே தெரியாதவர்கள், மகனே பணத்தைப் பறித்துக்கொள்வதை வெளியில் சொல்ல முடியாதவர்கள் ஆகியோருக்குத் திட்ட மேலாளர் போதுமானவர் அல்லர். அதற்காக 2006 முதல் ஒவ்வோர் உள்ளாட்சியும் ‘ஊரளாவிய ஒருங்கிணைந்த ஆதரவு மையம்’ என்ற அலுவலகங்களை அமைத்துவருகிறது. இவை இன்று 5,000-க்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றிலும் பொதுச்சுகாதாரச் செவிலியர், சமூகப் பணியாளர், தலைமைத் திட்ட மேலாளர் என்ற மூவர் அருகருகே பணிபுரிகின்றனர். 3,000 முதல் 6,000 முதியோருக்கு ஒரு மையம் என்பது வழிகாட்டும் அளவு. எல்லை வகுப்பதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோல் நெகிழச்செய்வது: ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் எவ்வளவு தொலைவிலிருந்து வருவார்களோ, அந்தப் பரப்பே முதியவர் ஒருவரின் அன்றாட உலகமாகக் கொள்ளப்படுகிறது. அவசரத்தில் அரைமணி நேரத்துக்குள் உதவி சென்றடைய வேண்டும் என்பது இதன் உட்கருத்து.

இம்மையங்கள் கூட்டும் ‘ஊர்ப் பராமரிப்புக் கூட்டம்’ திட்டத்துக்கும் தனிமனிதருக்கும் இடையிலான பாலம். இதில் தீர்வு காண முடியாமல் நிற்கும் ஒருவருடைய நிலைமை மேசையில் வைக்கப்படும். மருத்துவர், மருந்தாளர், இயன்முறைப் பயிற்சியாளர், வீட்டு உதவி நிறுவனத்தார், தேவைப்பட்டால் காவலரும் வீட்டு உரிமையாளரும் அதைப் பற்றிப் பேசுவர். ஒரே வகைச் சிக்கல் மூன்று நான்கு பேரிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டால், அது தனிமனிதச் சிக்கல் என்ற நிலையைக் கடந்து, ஊரின் குறைபாடு என்று குறிக்கப்பட்டு, அடுத்த மூன்றாண்டுத் திட்டத்துக்கு அனுப்பப்படும். இக்கூட்டங்கள் 2015 முதல் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன.

தனிமனிதச் சிக்கல் ஊரின் குறைபாடாகக் காணப்படுவதற்குக் குப்பை தக்க எடுத்துக்காட்டு. ஜப்பானிய நகரங்களில் எரியும் குப்பை, எரியாத குப்பை, காகிதம், கண்ணாடி என்று வகைபிரித்து, குறித்த நாளில் குறித்த தெருமுனையில் காலைக்குள் வைத்தாகவேண்டும். மூட்டுத் தேய்ந்தவருக்கு மூன்றாம் மாடியிலிருந்து அந்தப் பையைச் சுமந்திறங்குவது இயலாத காரியம். மறதி நோய் தொடங்கியவருக்கு எந்த நாள் எந்தக் குப்பை என்பது குழம்பிவிடும். பைகள் வீட்டுக்குள் குவியும், அண்டைவீட்டார் முகம் சுளிப்பர், முதியவர் கதவைத் திறப்பதையே நிறுத்திவிடுவார். காப்பீட்டில் குப்பைக்கென்று ஓர் இனமில்லை. ஆகவே பல நகராட்சிகள் துப்புரவுத் துறையையும் முதியோர் நலத் துறையையும் பேசவைத்து, அத்தகைய வீடுகளின் வாசலிலேயே குப்பையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துள்ளன. வேண்டுமென்று கேட்டவர்களின் வீட்டு வாசலில், குறித்த நாளில் பை வைக்கப்படாவிட்டால், துப்புரவுப் பணியாளர் கதவருகே நின்று பெயர் சொல்லி அழைப்பார்; பதில் வராவிட்டால் குறித்துவைத்த எண்ணுக்குத் தகவல் போகும். வாரத்துக்கு இருமுறை ஒருவர் உயிரோடு நலமாக இருக்கிறாரா என்று பார்க்கும் பணியை, அதற்கென்று தனி ஆளை அமர்த்தாமலே, குப்பை வண்டி செய்துவிடுகிறது.

வேறொரு துறையைப் பராமரிப்போடு இணைக்கும் இதே வேலையைத் தோக்கியோவின் முசாஷினோ நகரம் பேருந்தில் செய்தது. பெரிய பேருந்துகள் நுழைய முடியாத சந்துகளில் வாழும் முதியோர், நிலையம் வரை நடக்க முடியாமல் வீட்டிலேயே அடைந்து கிடப்பதைக் கண்டு, 1995 நவம்பரில் ‘மூபஸ்’ என்ற சிறு பேருந்தை 100 யென் கட்டணத்தில் ஓடவிட்டது. நிறுத்தங்கள் சுமார் 200 மீட்டருக்கு ஒன்று. நாடெங்கும் பின்னர் தோன்றிய சிற்றூர்ப் பேருந்துகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. வெளியே போகும் முதியவர் படுக்கையில் விழும் நாள் தள்ளிப்போகிறது என்பதால், பேருந்தும் பராமரிப்புத் திட்டத்தின் ஓர் அங்கமே.

அலுவலகம் எட்டாத இடத்துக்கு ஊராரே செல்கின்றனர். ‘மின்செய் இயின்’ எனப்படும் ஊர்நலப் பொறுப்பாளர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 2 இலட்சத்து 30 ஆயிரம் பேர்; அமைச்சரால் மூன்றாண்டுக்கு நியமிக்கப்படும் இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, தாம் அறிந்ததை வெளியில் சொல்லலாகாது என்ற சட்டக் கடமை மட்டும் உண்டு. இதன் வேர் 1917-இல் ஒகயாமா மாகாணத்திலும் 1918-இல் ஒசாகாவிலும் ஏழைகளுக்காகத் தொடங்கிய ஏற்பாடுகளில் இருக்கிறது. மறதி நோயைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிவந்த ஜப்பானியச் சொல் இழிவுப் பொருளுடையது என்பதால் அரசு 2004-இல் அதைக் கைவிட்டு, ‘அறிதல் குறைபாடு’ என்ற பொருளுடைய சொல்லை ஏற்றது. மறு ஆண்டில், ஏறத்தாழ ஒன்றரை மணிநேரப் பாடம் கேட்ட எவரும் அந்நோயுற்றோருக்குத் துணையாளராகலாம் என்ற இயக்கம் தொடங்கியது. வங்கி ஊழியர், பேருந்து ஓட்டுநர், பள்ளிப் பிள்ளைகள் என இதுவரை 1 கோடிக்கும் மேற்பட்டோர் அப்பாடத்தைக் கேட்டுள்ளனர். ஃபுகுஓகா மாகாணத்தின் ஒமுதா நகரில், வழிதவறிய முதியவராக ஒருவர் தெருவில் நடந்துவர, ஊரார் அவரை எப்படி அணுகிப் பேசுவது என்று பழகும் ஒத்திகை ஆண்டுதோறும் நடந்துவருகிறது. பின்னாலிருந்து தோளைத் தொடாமல், முன்னால் வந்து, கண்ணைப் பார்த்து, மெதுவாக ஒரு வணக்கம் சொல்வதிலிருந்து அந்தப் பயிற்சி தொடங்குகிறது.

இவ்வளவு நேர்த்தியாக வகுத்த ஏற்பாடும் இன்று தடுமாறுகிறது என்பதை மறைப்பது நேர்மையாகாது. திட்டத்தில் எழுதிய உதவியைச் செய்ய ஆள் கிடைக்கவில்லை. வீட்டு உதவியாளர்களில் பலர் தாமே முதுமையின் வாசலில் நிற்பவர்கள்; இளையோர் அந்தக் கூலிக்கு வர மறுக்கின்றனர். அந்த நிலையிலும் 2024-இல் வீட்டு உதவிக்கான அடிப்படைக் கட்டணம் குறைக்கப்பட்டது. வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும் மலைப்பகுதியில், பயண நேரத்துக்குக் கூலி கட்டுப்படியாகாமல் சிறு நிறுவனங்கள் மூடப்படுவது பெருங்கவலையாகியுள்ளது. உச்சவரம்பு அலகுகளும் வார அட்டவணையும் இருந்தும், கட்டத்தில் எழுதப் பெயரில்லையென்றால் அந்த உரிமை தாளோடு நின்றுவிடுகிறது. 2015-க்குப் பின் லேசான நிலையிலுள்ளோருக்கான வீட்டு உதவியையும் பகல்நேர மையத்தையும் தேசியக் காப்பீட்டுப் பயனிலிருந்து எடுத்து உள்ளாட்சியின் சொந்தத் திட்டத்துக்கு மாற்றியதால், தன்னார்வலர்களும் வருவாயும் உள்ள ஊருக்கும் இரண்டும் இல்லாத ஊருக்கும் இடையிலான வேறுபாடு கூடியது. 1999 முதல் 2010 வரை நடந்த பெரும் இணைப்பில் 3,200-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் ஏறத்தாழ 1,730 ஆகச் சுருங்கின. மித்சுகியும் 2005-இல் ஒனோமிச்சி நகரத்தில் கரைந்தது. பெரிய அலுவலகத்துக்கு நிதி வலிமை கூடியிருக்கலாம். ஆனால் எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பதை மனப்பாடமாக அறிந்த எழுத்தரை அது இழந்தது.

அந்த அறிவை ஓரளவுக்கேனும் திரும்பப் பெறும் முயற்சியாகவே, ஒவ்வொரு மூன்றாண்டுத் திட்டத்துக்கும் முன் முதியோர் வீடுகளுக்குத் தபாலில் ஒரு வினாப்படிவம் போகிறது. இன்னும் பராமரிப்புச் சான்று பெறாதவர்களும் லேசான நிலையில் உள்ளவர்களும் அதை நிரப்பி அனுப்புகின்றனர். கைப்பிடியைப் பற்றாமல் படியேற முடிகிறதா, கால்மணி நேரம் தொடர்ந்து நடக்கிறீர்களா, கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா, வாரத்துக்கு ஒரு முறையேனும் வெளியே போகிறீர்களா, யாரோடாவது சேர்ந்து உண்பதுண்டா என்று அது கேட்கிறது. பின் பகுதியில், கவலையையும் மனக்குறையையும் கேட்பவர் உங்களுக்கு யார் என்ற கேள்வி வருகிறது. அடுத்து, நீங்கள் யாருடைய கவலையைக் கேட்கிறீர்கள் என்று அதே கேள்வி திருப்பிக் கேட்கப்படுகிறது. வாழ்க்கைத் துணை, உடன் வாழும் பிள்ளை, தனியே வாழும் பிள்ளை, உடன்பிறந்தோர், அண்டைவீட்டார், நண்பர் என்று வரிசையாக நிற்கும் விடைகளுக்குக் கீழே, ‘அப்படி யாரும் இல்லை’ என்று ஒரு விடையும் வைக்கப்பட்டுள்ளது. அதில் வட்டமிட்டவர்களை நடுநிலைப் பள்ளி எல்லை வாரியாக எண்ணி ஊரின் வரைபடத்தருகே வைத்த பிறகே, அடுத்த மூன்றாண்டுக்கான திட்டக்குழு கூடுகிறது.